வசனகர்த்தா சென்றாயன் எழுதிய முடிவு

தலைமை ஏற்றுச் சிறப்பிக்கும் கடத்தூர் வாசகர் மன்றத் தலைவர் நிசார் அகமது அவர்களே! முன்வரிசையை முழுமையாக்கி வீற்றிருக்கும் பெரியோர்களே! களத்துமேட்டில் வேலை முடித்த கையோடு, வியர்வை காயும் முன்பே வந்து சேர்ந்த தாய்மார்களே! கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு என் முகம் பார்க்கும் இளைஞர்களே! கோகிலவாணியின் பணிவான வணக்கம்.

இன்று யாருடைய படத்தைத் திறந்து வைத்தோம்? மன்னர் படத்தையா? மந்திரி படத்தையா? இல்லை! நல்லம்பள்ளிப் பக்கத்துச் சோளக்காட்டில் பிறந்து, ஊமையாய் இருந்த திரைப்படம் வாய் திறந்த காலத்தில் அந்த வாய்க்குத் தமிழ் தந்த வசனகர்த்தா சென்றாயனாரின் படத்தை!

ஊருக்கு வந்த நாடகக் கம்பெனி கூடாரம் பிரித்துக் கிளம்பியபோது, ஏர் பிடித்த குடும்பத்துப் பிள்ளையான அவரும் கூடவே கிளம்பிவிட்டார். திரை இழுத்தார், விளக்குத் துடைத்தார். ஒருமுறை ராஜா வேடக்காரர் வசனம் மறந்து திகைத்து நிற்க, படுதாவுக்குப் பின்னாலிருந்து சொந்தமாய் ஒரு வசனம் எடுத்துக் கொடுத்தார். கொட்டகை அதிரக் கைதட்டல்! அன்று முதல் அவர் நாடக ஆசிரியர். பிறகு பேசும் படம் வந்தது. சேலம் பக்கத்துப் படமுதலாளி ஒருவர் அழைத்தார். அரண்மனைத் தமிழ் மட்டுமே ஒலித்த திரையில் ஆற்றங்கரைத் தமிழை, அடுப்படித் தமிழை ஒலிக்க வைத்தார்.

அங்கேதான் வந்தது அந்தச் சோதனை.

கணவனை இழந்த இளம்பெண் ஒருத்தி. அவள் மறுமணம் செய்து மகிழ்ச்சியாய் வாழ்கிறாள். இதுதான் அவர் எழுதிய கதை. அதைப் படித்துப் பார்த்த முதலாளி முகம் சுளித்தார்.

"இப்படி முடிச்சா ஜனங்க கல்லெடுத்து அடிப்பாங்கய்யா. அவ கெணத்துல வுழுந்து செத்தான்னு எழுது. பொம்பளைங்க அழுதுகினே வருவாங்க, படம் ஓடும்."

"மொதலாளி, அவ பொழைக்கணும்னுதானுங்க நான் எழுதவே ஒக்காந்தேன். என் கையால அவளத் தள்ள மாட்டேனுங்க."

"அப்ப வேற ஆளு எழுதுவான்."

"எழுதட்டுங்க. எம்பேர மட்டும் எடுத்துடுங்க."

என்ன ஐயா, பின்னாலிருந்து கேட்கிறீர்கள்? எந்தப் படம் என்றா? அவர் தன் பெயரையே வேண்டாமென்று எடுத்துக்கொண்ட படம் ஐயா அது. அதன் பெயரை நான் சொல்வேனா?

அந்த முதலாளிக்குத் தெரியாத ஒன்று உண்டு. சென்றாயனாருக்குச் சாலம்மாள் என்று ஒரு தங்கை. மஞ்சள் காயும் முன்பே தாலியை இழந்தவள். நல்ல காரியமென்றால் அவளை உள்ளறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்துவார்கள். அவர் காகிதத்தில் வாழ வைத்தது யாரை என்று இப்போது புரிகிறதா?

படம் வெளிவந்தது, வெற்றியும் பெற்றது. இதே கடத்தூர்க் கொட்டகையில் அவரும் பார்த்தார். நாயகி கிணற்றில் குதித்தாள், பெண்கள் கதறினார்கள். அந்தக் கண்ணீர் அவரைச் சுட்டது. ஏன் சுட்டது? திரையில் செத்த கைம்பெண்ணுக்கு அழுகிற ஊர், வீட்டில் இருக்கும் கைம்பெண்ணை எதிரே வராதே என்கிறதே! இது இரக்கமா? இதற்குப் பெயர் இரக்கமா?

தன் கதையைத் தன் முடிவோடு நாடகமாய்ப் போடத் துணிந்தார். துணிக்கடை அப்துல் ரஷீத் பாய், நம் தலைவரின் தந்தையார், படுதாவும் பந்தலும் தந்தார். ஆனால் நாயகியாக யார் நடிப்பது? பெண்வேடக்காரர்கள் எல்லாரும் ஊருக்கு அஞ்சி ஒதுங்கினார்கள். அப்போது வாசற்படி தாண்டி வந்து நின்றாள் சாலம்மாள்.

"அண்ணா, நான் நடிக்கறேன்."

"ஊரு என்னா பேசும்னு தெரியுமா சாலா?"

"வாயத் தெறக்காத இருந்தப்பவும் பேசுச்சு. இப்ப நான் பேசறேன், ஊரு கேக்கட்டும்."

சந்தைமேட்டில் மேடை. மரச்சட்டத்தில் சாக்குத் துணி சுற்றிய கிணறு. பொழுது சாயும் வேளை. கலாட்டா செய்யவே பலர் வந்திருந்தார்கள். கடைசிக் காட்சி. சாலம்மாள் கிணற்றை நோக்கி நடக்கிறாள். படம் பார்த்த கூட்டமல்லவா? இவளும் குதிக்கப் போகிறாள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். திடீரென்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வெடித்தது. குரல் கொடுத்தவள் முனியம்மாள், சாலம்மாளின் மாமியார்!

"வேணாம் சாலா! கெணத்துகிட்ட போவாத தாயீ!"

நாடகத்தில் இல்லாத குரல். சாலம்மாள் திரும்பிப் பார்த்தாள். நாடகத்தில் இல்லாத பதிலைச் சொன்னாள்.

"நான் சாவ வரலீங்க அத்தே. தண்ணி சேந்த வந்தேன்."

கல்லோடு வந்த கைகள் தளர்ந்தன. கூட்டம் அழுதது. இம்முறை, உயிரோடு இருப்பவளுக்காக அழுதது!

அந்த மேடையில் ஆர்மோனியம் வாசித்தவர் மாரியப்பன். அவர்தான் பின்னர் சாலம்மாளைக் கைப்பிடித்தார். முனியம்மாள் தாய் வீட்டாராக நின்று தாரை வார்த்தார். பெரியோர்களே, அந்த இருவரின் மகள்தான் உங்கள் முன் நிற்கும் நான். சென்றாயனார் என் தாய்மாமன்.

எல்லாம் இனிதாய் முடிந்ததா? முடியவில்லை. சொந்தபந்தம் பல வருடம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. சினிமாவிலிருந்து மாமாவுக்கு மறுபடி ஆள் வரவில்லை. பாப்பிரெட்டிப்பட்டி வரைக்கும் சிறு குழுக்களுக்கு நாடகம் எழுதியே நரைத்தார்.

அவருடைய கடைசி வருடத்தில் அந்தப் படம் தொலைக்காட்சியில் வந்தது. வசனம் என்று வேறொருவர் பெயர். "அத்தனையும் நீங்க எழுதுனது மாமா! வயிறு எரியுதே!" என்று நான் கத்தினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. சமையலறைப் பக்கம் பார்த்தார். உள்ளே என் அம்மா, அப்பா சொன்ன எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வுடும்மா. அவங்க முடிவு டிவில ஓடுது. எம் முடிவு அடுப்பங்கரையில சிரிக்குது பாரு."

அந்தச் சிரிப்பை எழுதிய கைக்கு இன்று மாலை சூட்டிய உங்கள் கைகளுக்கெல்லாம் என் குடும்பத்தின் நன்றி. வணக்கம்!