கண்ணாடி முழுசு

இரவு பதினொன்றே முக்கால். பழைய நகரத்தின் பின் தெரு. விளக்குக் கம்பம் உண்டு, விளக்கு இல்லை... ஒரே ஒரு ஆள், கையில் ஒரு பை.

நம்ம 'அலாரம்' இருக்கிறானே, வகுப்பில் முதல் வரிசையிலேயே தூங்குகிறவன்... அவனுடைய சித்தப்பாதான் அது.

பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் அலுவலகத்தில் அவர் சர்வேயர். விரிசல் விட்ட சுவரின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டி, தேதி எழுத வேண்டும். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். சித்தப்பா முதல் மாதம் போனார். பிறகு டீக்கடையில் உட்கார்ந்தே எழுதினார்: 'கண்ணாடி முழுசு.' கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும்.

பதினேழாம் எண் வீட்டு மாடியில் தையல்கார அக்கா ஒருவர் தனியாக இருந்தார். மூன்று முறை போன் செய்தார்.

"தம்பி, கண்ணாடி உடைஞ்சிருச்சு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்களேன்."

"வர்றேன்கா."

மூன்று முறையும் அதே பதில். மூன்று முறையும் பதிவேட்டில் 'முழுசு'. நான்காவது போன் வரவில்லை... சுவர் விழுந்தது. அக்கா அடியில்.

அக்காதான் ஆணி அடித்துச் சுவரைக் கெடுத்துவிட்டார் என்று விசாரணையில் சொன்னார்கள். பதிவேட்டில்தான் எல்லாம் முழுசாக இருக்கிறதே!

"நீங்களாவது சொல்லுங்க சார், அக்கா ஒரு ஆணிகூட அடிக்கல" என்று அழுதாள் தங்கைக்காரி. சித்தப்பா தன் செருப்பில் ஒட்டியிருந்த நூலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

விடிந்தால் விசாரணைக் குழு வந்து மிச்சச் சுவரைப் பார்க்கப்போகிறது. கண்ணாடி உடைந்து கிடந்தால் பதிவேட்டுப் பொய் வெளியே வந்துவிடும். அதுதான் இந்த நேரத்தில் பை. உள்ளே மூன்று புதுக் கண்ணாடி, சாந்து, பழைய தேதி எழுத ஒரு மார்க்கர்.

ஈரச் சுண்ணாம்பு வாசனை. கூடவே தையல் மிஷின் எண்ணெய்...

தேதி போட்டு ஒன்றை ஒட்டினார். டிக்... உடைந்தது. இரண்டாவது... டிக். மூன்றாவதைச் சாந்தை அள்ளி அப்பி ஒட்டினார்.

டிக்.

மேலே யாரோ படியிறங்கும் சத்தம். மாடியே இல்லை. நான்கு படி, அதற்கு மேல் வானம்...

"வந்துட்டீங்களா தம்பி?"

கோபமே இல்லாத குரல். அதைத்தான் தாங்க முடியவில்லை. ஓடினார்.

காலையில், வேலை போனது என்று நினைத்தபடி குழுவோடு போய் நின்றார். சுவரில் மூன்று கண்ணாடியும் வரிசையாக... முழுசாக.

"பரவால்லையே, ஒழுங்கா வேலை பாத்திருக்கீங்க" என்று பெரிய அதிகாரி தோளில் தட்டினார்.

சித்தப்பா தேதிகளைப் பார்த்தார். அவர் எழுதியவை இல்லை. அக்கா போன் செய்த அந்த மூன்று நாட்கள். முத்து முத்தான அவருடைய அதே கையெழுத்தில்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். தொண்டை வரைக்கும் வந்தது... "தேங்க்ஸ் சார்" என்றுதான் வெளியே வந்தது.

சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்தார். மறுமுனையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது... தடதடதட... நின்றது.

"தம்பி..."

பழக்கதோஷம். வாய் தானாகச் சொன்னது.

"வர்றேன்கா."

"வேணாம் தம்பி... நானே வர்றேன்."