காலிப் பெட்டியும் கணக்குப் பரீட்சையும்

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தப்பைக் கேட்டுச் சிரித்துவிட்ட தாய், அது தப்பு என்று அவனுக்கு எப்படிச் சொல்வது? இன்று வரை எனக்குத் தெரியவில்லை.

எட்டயபுரத்திலிருந்து கோவில்பட்டி வரும் பஸ். முன் இருக்கையில், வீட்டில் தீப்பெட்டி ஒட்டிக் கொடுக்கும் இரண்டு பெண்கள். மூத்தவள்தான் ஆரம்பித்தாள்.

“எஸ்.எஸ்.எல்.சி. கணக்குப் பரீட்சை ஒம் மவன் எப்படி எழுதுனான்?”

“எங்கன எழுத? இவன் அப்பா பொடி எழுத்துல பிட்டு எழுதித் தந்தாவ மைனி. நான் ஒரு தீப்பெட்டிக்குள்ள மடிச்சு வச்சேன். கம்பெனிக்குப் பெட்டி அனுப்புத அவசரத்துல அதுவும் சேந்து போயிட்டு. இவன் காலிப் பெட்டியக் கொண்டு போயிட்டான்.”

“பெட்டியும் காலி, தலையும் காலியா! பெத்தவியளே இப்படிச் செய்யலாமாட்டி?”

“வாத்தியார் மவனுக்கு வாத்தியாரே சொல்லிக் குடுக்காராம். எம் பிள்ளைக்கு நான் செய்யக் கூடாதாக்கும்?”

“அந்தப் பிட்டு என்னாச்சு?”

“அதைக் கேளுங்க. அங்கன குச்சி அடைக்குத பிள்ளை ஒண்ணு, எட்டாப்போட படிப்ப நிறுத்துனது, எடுத்துப் படிச்சிருக்கு. மூணாவது கணக்கு தப்புன்னு திருத்திக் குடுத்து விட்டிருக்கு மைனி!”

முந்தானையால் வாயைப் பொத்தியும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. என் ஐந்து வயது மகன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கேட்டான்: “அம்மா, நான் பள்ளிக்கூடம் போனா எனக்கும் பெட்டியில வச்சுத் தருவியா?”

வருகிற ஜூனில் அவனைச் சேர்க்கிறோம். தினமும் கேட்கிறான். பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது எழுதுங்கள், என்ன பதில் சொல்லட்டும்? சிரிக்காமல் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.