எனக்கு வராத ஆர்மோனியம்

ஆர்மோனியத்துக்கு ஈரம் ஆகாது, ஐயா. உங்கள் போலீஸ்காரர்கள் என் வீட்டிலிருந்து எடுத்து வந்ததை ஜன்னலோரம் வைத்திருக்கிறார்கள். சாரல் அடிக்கிறது. கொஞ்சம் உள்ளே தள்ளி வைக்கச் சொன்னால் நல்லது. மற்றதை நான் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் கோதண்டபாணி. இதே விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கொட்டகையில் கிளேசு பிரிவில் வேலை. சுட்ட மண்ணுக்கு மேலே பளபளப்பு ஏற்றுகிற கலவையைத்தான் கிளேசு என்போம். பொம்மைக்கு ஒன்று, ஊறுகாய் ஜாடிக்கு வேறொன்று.

ஆர்மோனியத்தின் மேல் ஆசை சின்ன வயசிலேயே வந்தது. ஸ்ரீமுஷ்ணம் திருவிழாவில் நாடகம் போடுவார்கள். எல்லாரும் வேஷக்காரர்களைப் பார்ப்பார்கள். நான் மேடையோரம் உட்கார்ந்திருக்கும் ஆர்மோனியக்காரரைப் பார்ப்பேன். ராஜா வேஷம் கட்டியவன்கூட அவர் சுருதி கொடுக்கும்வரை வாயைத் திறக்க மாட்டான். அது எனக்குப் பிடித்திருந்தது.

எழுபத்தொன்றாம் வருஷம் பெண்ணாடத்தில் ஒரு நாடகக் குழு கலைந்தது. அவர்களிடமிருந்து ஆர்மோனியத்தை வாங்கி பஸ்ஸில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்தேன். கல்யாணமான புதுசு. அந்தத் தீபாவளிக்கு என் மனைவி ஆதிலட்சுமிக்குச் சேலை எடுக்க முடியவில்லை. அவள் முகம் சுளிக்கவில்லை. பெட்டிக்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டாள்.

மாதாகோவிலில் வாசிக்கும் ஜெயராஜ் வாத்தியார் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வந்து சொல்லிக்கொடுத்தார். பொறுமையானவர். நான் மோதிர விரலால் கட்டையை அமுக்கினால் சுண்டு விரலும் கூடவே இறங்கும். "கோதண்டம், வெரலுக்கு வெரல் தனியா யோசிக்கணும்யா. உங்க கையி ஒட்டுக்கா யோசிக்குது" என்பார். ஒரு மழைக்காலம் முழுக்க ஒரே வரியில் நின்றோம்.

ஒருநாள் டீ கொண்டுவந்த ஆதிலட்சுமி போகாமல் நின்றாள். "நீ தொட்டுப் பாக்கறியாம்மா?" என்று வாத்தியார் விளையாட்டாகக் கேட்டார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் நின்றுபோன வரியை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். வாத்தியாரின் டீ ஆறிப்போனது.

"யாருகிட்டம்மா கத்துகிட்ட?"

"இவரு வாசிக்கறதக் கேட்டுத்தாங்க. இவரு தப்பு உடற எடத்துல எது வரணும்னு எனக்குத் தோணும்."

குத்திக்காட்டச் சொன்னதில்லை. அவளுக்கு அந்தக் குணம் கிடையாது. அவளுக்கும் சின்ன வயசிலிருந்தே ஆசையாம், அப்பா தொடவிடவில்லையாம். எனக்கு அன்றுதான் தெரியும். வாத்தியார் சிரித்தார், நானும் சிரித்தேன்.

அதன்பிறகு வாத்தியார் அவளுக்காக வந்தார். இரண்டு கையாலும் வாசிக்கட்டும் என்று என்னைத் துருத்தி அமுக்கச் சொன்னார். அமுக்கினேன். பிள்ளையார் கோவில் பஜனைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். தெருவில் யாராவது என் வீட்டுக்கு வழி கேட்டால், "ஆர்மோனியக்காரம்மா வூடா?" என்றார்கள். எனக்குக் கோபமில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கொட்டகையில் கொளஞ்சியப்பன் என்று ஒருவர் இருந்தார். வெறுங்கையால் கிளேசு கரைப்பார், கையைச் சரியாகக் கழுவாமல் சாப்பிடுவார். நாளாக நாளாக அவர் மணிக்கட்டு தொங்கிவிட்டது. தண்ணீர் டம்ளரைத் தூக்க முடியவில்லை. அப்போது மேஸ்திரி எங்களை நிற்கவைத்துச் சொன்னார்: "பொம்மைக்கு அடிக்கிறதுல ஈயம் இருக்குது. அத சோத்துப் பாத்திரத்துக்கு அடிச்சிராதீங்க. புளிப்பு பட்டா எறங்கிடும்."

நான் ஒரு ஜாடி செய்தேன். உள்பக்கம் பொம்மைக் கிளேசு அடித்து, சூளையில் சூடு குறைவான ஓரத்தில் வைத்து எடுத்தேன். தேன் நிறத்தில் அழகாக வந்தது.

"என்னாங்க, எனக்குன்னே பண்ணியாந்தீங்களா?"

"ஒனக்குத்தான்" என்றேன். அது பொய்யில்லை.

எலுமிச்சை ஊறுகாய் போட்டாள். எனக்கு வயிற்றுப்புண், புளிப்பு ஆகாது என்று சொல்லிவைத்தேன். தினம் தயிர்ச்சோற்றுக்கு அவள் மட்டும் தொட்டுக்கொண்டாள்.

பிறகு அவள் முழுகாமல் இருந்தாள். வாய்க்குப் புளிப்பு கேட்டது. அங்கே நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். அந்த வாரம்தான் கடலூரில் ஒரு கச்சேரியில் அவளை வாசிக்கவைக்கப் போவதாக வாத்தியார் வந்து சொன்னார். நான் சந்தைக்குப் போய் எலுமிச்சம்பழம் வாங்கி வந்தேன்.

குழந்தை தங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பூவாயி வந்து பார்த்துக்கொண்டாள். நான் வீட்டு வேலைகளைச் செய்தேன். ஜாடி காலியாக இருந்தது. நிரப்பினேன்.

மாசி மகத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் வாசித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். "கட்டைய அமுக்க முடியுது. வெரலத் தூக்க முடியலீங்க" என்றாள். அப்புறம் மணிக்கட்டும் விழுந்தது. எண்ணெய் தடவிவிட்டேன். தலைவாரிவிட்டேன். சோறு ஊட்டினேன். வாத்தியார் அவள் கையைப் பார்த்துவிட்டு எங்கள் வாசலில் நின்று அழுதார். கடலூர்க் கச்சேரி இல்லாமல் போனது.

கை நின்ற பிறகும் ஏன் அந்த ஊறுகாயை ஊட்டினேன் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. மறுபடி ஆர்மோனியத்தை நான் எடுத்து உட்கார்ந்தேன். வீடு அமைதியாக இருந்தது. அவள் சுவரில் சாய்ந்து, தொங்கும் கைகளை மடியில் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பழைய வரிக்கு வந்தேன். "அது இல்லீங்க. அதுக்கு மேல்கட்ட" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். மறுநாளும் சொன்னாள். உதவிக்குத்தான் சொன்னாள்.

அதனால் ஜாடியை மாற்றவில்லை.

வலிப்பு வந்ததும் நானே வண்டி வைத்துப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் அவள் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். ஓரமாக நீலக்கோடு ஓடியிருந்தது. எனக்கு என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். வீட்டில் எதில் சாப்பிடுகிறாள் என்று கேட்டார். அதையும் சொன்னேன். மறைக்கிற பழக்கம் எனக்கில்லை. அவள் மறுநாள் காலையில் போய்ச் சேர்ந்தாள். வயிற்றுப்பிள்ளையைச் சேர்த்தால் இரண்டு உயிர். நான்தான் செய்தேன். தெரிந்துதான் செய்தேன்.

'வாசிக்காதே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பாளே என்கிறீர்கள். விட்டிருப்பாள், அது எனக்குத் தெரியும். ஆனால் அப்படிச் சொல்வது முறையா, ஐயா? பொண்டாட்டி ஆசைப்பட்டதைத் தடுக்கிற ஆம்பிளைகள் ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் ஒருநாளும் அவள் ஆசைக்குக் குறுக்கே நின்றதில்லை.