சூடான பின் வரும் கோளாறு

என் மனைவி கடைசியாக என்னிடம் பேசியது எங்கள் குளியலறை சுவிட்சைப் பற்றி. "ஊர்ல இருக்கற மெஷினுக்கெல்லாம் வைத்தியம் பாக்கறீங்க. நம்ம வீட்டு சுவிட்ச் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றேன். பிறகு ஒரே ஸ்கூட்டரில் வேலைக்குப் போனோம். அவள் பெரிய பிரஸ்ஸுக்கு, நான் மின்பராமரிப்புக்கு.

ஐயா, அந்த பிரஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். தகட்டை அழுத்திக் கார் கதவு செய்யும் இயந்திரம் அது. தானாக ஓடும். தகடு சிக்கினால் மட்டும் யாராவது குனிந்து எடுக்க வேண்டும். முன்பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை உண்டு. உடம்பு குறுக்கே வந்தால், ஓரமாக ஒரு பெட்டியில் இருக்கும் பாதுகாப்பு ரிலே தன் பிடியை விட்டுவிடும். மின்சாரம் அறுந்து பிரஸ் நின்றுவிடும். ரிலே விடாமல் ஒட்டிக்கொண்டால், நிற்காது.

அன்று அவள் குனிந்தாள். அது நிற்கவில்லை. நான் ஓடிவந்தபோது தோள்வரை உள்ளே இருந்தாள். கார் கதவின் வளைவில் அவள் தலைமுடி பதிந்திருந்தது. தகட்டிலிருந்து அவளைப் பிரித்தெடுக்க வெகுநேரம் ஆயிற்று. சிலதைப் பிரிக்க முடியவில்லை.

ரிலேயில் குறையில்லை என்று விசாரணையில் சூப்பர்வைசர் சொன்னார். நேரத்தை மிச்சப்படுத்த ஒளித்திரை இல்லாத பக்கவாட்டில் நுழைந்திருக்கிறாள், அவசரக்காரி என்றார். அவர் வேறு யாருமில்லை, அவளுடைய சொந்த அண்ணன்.

"எனக்கு மட்டும் வலிக்காதா மாப்ளே? ஆனா அவ சின்னதுலேர்ந்தே அப்படித்தான். வாசல் தெறந்திருந்தாலும் ஜன்னல் வழியாத்தான் வருவா."

"அவ மேல தப்பு இல்ல மச்சான். ரிலே ஒட்டியிருக்கு."

"அப்ப காட்டுங்க. ஒரு தடவை ஒட்டட்டும், எல்லார் முன்னாடியும் நானே ஒத்துக்கறேன்."

நியாயமான பேச்சு. எங்கள் தொழிலிலும் அதுதான் வழக்கம். மறுபடி வராத கோளாறை யாரும் கோளாறு என்று ஒப்புக்கொள்வதில்லை.

ஆனால் சில கோளாறுகள் சூடான பிறகுதான் வரும். கழற்றி மேசைமேல் வைத்தால் ஆறிப்போய், பரம யோக்கியன்போல் வேலை செய்யும். அதனால் ஓடும் இயந்திரத்திலேயே சோதித்தேன். ஒளித்திரைக்குள் ஒரு மரக்கட்டையை நீட்டுவேன், எடுப்பேன், மறுபடி நீட்டுவேன். மழைக்காலம் முழுக்க அதே வேலை. அவளுடைய ஹேர்டிரையரைக் கொண்டுவந்து பெட்டிக்குள் சூடுகூடக் காட்டினேன். "அண்ணே, அந்தப் பொட்டியோடயே குடும்பம் நடத்தப் போறீங்களா?" என்று வெல்டர் கிண்டல் செய்தார். சோதனை என்றால் பொறுமை வேண்டும்.

அவள் போன பிறகு, சிக்கிய தகட்டை எடுக்க யாரும் துணியவில்லை. மச்சானே போய் எடுப்பார். "பாருங்கப்பா, இது கடிக்காது" என்பார். தலையும் தோளும் உள்ளே போகும். அதை நான் கவனித்து வைத்திருந்தேன்.

அந்தப் பிற்பகலில் பிரஸ் நல்ல சூட்டில் இருந்தது. தகடு சிக்கியது. நான் பெட்டியைத் திறந்து வைத்திருந்தேன்.

"என்ன மாப்ளே, ஒட்டுச்சா?"

"பாத்துக்கிட்டே இருக்கேன் மச்சான்."

சிரித்துக்கொண்டே குனிந்தார். பக்கவாட்டில் அல்ல, நேராக, விதிப்படி. பிரஸ் இறங்கியது. அவர் கத்தவில்லை. கால்கள் மட்டும் தரையை உதைத்தன. ஒரு ஷூ கழன்று என் பக்கம் வந்தது. பிரஸ் மேலே போய் மறுபடி இறங்கியது. ரிலே விடாதவரை அது அப்படித்தான் செய்யும். வெல்டர் வந்து சிவப்புப் பொத்தானை அடிப்பதற்குள் கால்கள் அடங்கிவிட்டன. பொத்தான் எனக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. என் கை வேலையாக இருந்தது.

ரிலேக்குள் கீறல் எப்படி வந்தது என்று கேட்டீர்கள். அது என் ஸ்க்ரூடிரைவர் பட்டது. மூடியைக் கழற்றிவிட்டு, அது விடாதபடி உள்ளே அழுத்திப் பிடித்திருந்தேன். பிடிக்காவிட்டால் விட்டிருக்கும். கட்டையை நீட்டிய ஒவ்வொரு தடவையும் விட்டது. எத்தனை சூட்டிலும் விட்டது. ஒருமுறைகூட ஒட்டவில்லை. அதற்காகக் கோளாறு இல்லையென்று ஆகிவிடுமா? வெளியே வரத் தயங்கியது, நான் கொஞ்சம் ஒத்தாசை செய்தேன். இப்போது அங்கே யாரும் என் மனைவியை அவசரக்காரி என்று சொல்வதில்லை.

உங்கள் நிபுணர் அந்த ரிலேயை நேற்று முழுக்க ஓடவிட்டுப் பார்த்து, நன்றாகவே இருக்கிறது என்று சொன்னாராம். அவசரப்படுகிறார், ஐயா. இன்னும் கொஞ்சம் சூடாகட்டும்.