காலியாக விட்ட கட்டம்

அலுவலகத்தில் குடித்த காபிக் கோப்பையைத் தானே கழுவி வைக்கும் ஒரே ஆள் நான்தான். இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. ஏதோ ஒழுங்கில்லாதவன் செய்த வேலை என்று என் வாக்குமூலத்தில் நீங்கள் எழுதிவிடக் கூடாது.

ஸ்டேஷன் கீழ்த்தளத்தில் விசாரணைக்கு உட்காரவைத்திருக்கும் நர்ஸை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் சார். குழந்தை இறந்ததற்கு அவர் காரணமில்லை. நரம்பில் மருந்து ஏற்றும் பம்பில் அவர் அளவைச் சரியாகத்தான் அடித்தார். வழக்கமான அளவு இரண்டு. வலி தாங்கவில்லை என்று டாக்டர் சொன்ன கூடுதல் ஒன்று. உள்ளே மூன்று போயிருக்க வேண்டும். இருபத்தொன்று போனது.

அந்தப் பம்பை இயக்கும் கணினி நிரலை எழுதுவது எங்கள் அலுவலகம். எழுதுகிறவன் என் நண்பன். எதற்கெடுத்தாலும் "பரவால்ல விடுறா" என்பதால் அவன் பெயரே பரவாயில்லை ஆகிவிட்டது. அவன் எழுதியதை நான் படித்துக் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே போகும். அதனால் அவன் எனக்கு வைத்த பெயர் செக்போஸ்ட்.

கணினி மொழிகளில் இரண்டு குணம் உண்டு. ஒன்று வாசலிலேயே நிறுத்தி, நீ எண்ணா எழுத்தா என்று கேட்கும். பதில் சரியில்லை என்றால் நிரலை ஓடவே விடாது. இன்னொன்று வந்தவர்களை எல்லாம் உள்ளே உட்காரவைத்துவிட்டு, ஓடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கும். எண்களாக வந்தால் இரண்டும் ஒன்றும் சேர்ந்து மூன்று. இரண்டில் ஒன்று எழுத்தாக வந்துவிட்டாலோ இந்த இரண்டாவது மொழி பக்கத்தில் பக்கத்தில் ஒட்டவைத்து இருபத்தொன்று என்று நீட்டும். முகம்கூட மாறாது.

எங்கள் பம்பு அந்த இரண்டாவது மொழியில் ஓடுகிறது. மாற்றச் சொல்லி நாலு வருடம் மேனேஜர் அம்மாவிடம் தொங்கினேன். கடைசிக் கூட்டத்தில் அவர் சிரித்தார்.

"இதுவரைக்கும் யாராச்சும் செத்தா போயிட்டாங்க? ஏதாவது நடந்தா கொண்டாந்து காட்டுப்பா. அப்ப மாத்திக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். எனக்குத் தெளிவான நிபந்தனைகள் பிடிக்கும்.

இரண்டு வாரம் கழித்துப் பரவாயில்லை பம்பின் திரையில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தான், கூடுதல் அளவை அடிப்பதற்கு. அதில் அடிப்பது எழுத்தாகவே உள்ளே போய்க்கொண்டிருந்தது. அந்தத் தவறை நாலு நிமிடத்தில் பார்த்துவிட்டேன். சோதனை செய்தவர்கள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டே சோதித்திருந்தார்கள். ஒட்டவைக்க ஒன்றுமில்லாததால் இரண்டு இரண்டாகவே நின்றது.

நான் கையெழுத்துப் போட்டேன்.

"என்னடா செக்போஸ்ட், ஒரு கேள்விகூட கேக்கல? உடம்பு சரியில்லையா?" என்றான்.

"நல்லாத்தான் எழுதியிருக்க."

"டேய், நாலு வருஷத்துல முதல் தடவைடா! வா, இன்னிக்கு சாப்பாடு என் செலவு."

போனேன். வயிறு நிறையச் சாப்பிட்டேன். அவனை ஏமாற்றியதாக நினைக்க வேண்டாம். அவன் எழுதியதில் நான் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை.

புது நிரல் ஆஸ்பத்திரிப் பம்புகளுக்குப் போய்ச்சேர ஆறு வாரம் ஆயிற்று. பிறகு அந்தக் குழந்தை. பம்பின் பதிவில் இருப்பது இருபத்தொன்று மட்டும்தான் என்பதால், நர்ஸ்தான் தவறாக அடித்தார் என்று அறிக்கை வந்தது. பரவாயில்லை என் மேஜைக்கே ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டான். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"நல்லவேளைடா, தப்பு நம்ம புரோகிராம்ல இல்ல."

அந்த நிமிடம்தான் உங்களிடம் கிளம்பி வந்தேன். நாலு வருட வாதத்துக்குக் கிடைத்த ஒரே நிரூபணம், யாரோ விரல் தவறியதாகக் கணக்கில் போய்விட்டால் எப்படி? நர்ஸின் மேல் எனக்கு இரக்கம் உண்டு. ஆனால் அவர் மேல் பழி இருக்கும்வரை மொழியை யாரும் மாற்ற மாட்டார்கள்.

மேனேஜர் அம்மாவுக்குக் காட்ட வைத்திருந்த ஸ்லைடுகளை எப்போது செய்தேன் என்று கேட்டீர்கள். கையெழுத்துப் போட்ட அன்றைக்கே. முழுதும் முடித்து, பதினோராவது ஸ்லைடில் ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தேன், இறந்தவரின் வயதுக்காக. நேற்று நாலு என்று அடித்தேன். அந்தக் கட்டம் எண்களைத் தவிர எதையும் ஏற்காதபடி செய்துவைத்திருக்கிறேன் சார். எல்லோரும் இப்படிக் கவனமாக இருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.