லாரி இன்றைக்கு இழுத்தானா?

மேடையில் அமர்ந்திருக்கும் சவாரிச் சங்கத் தலைவர் அவர்களே, அவருக்குப் பக்கத்தில் இருக்கும் குதிரை வைத்தியர் அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும், மறைந்த நம் பல் டாக்டரம்மாவின் கணவர் அவர்களே, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போய், சிரித்துக்கொண்டு வீடு திரும்பிய நோயாளிகளே, வேலையைப் பாதியில் போட்டுவிட்டுக் காலணியில் ஒட்டிய வைக்கோலோடு ஓடிவந்திருக்கும் லாயத்துத் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

வணக்கம் சொல்லிவிட்டேன். அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை. நான் பேச்சாளன் அல்ல. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவன். ஊராருக்கு பிரேக் போடச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன். டாக்டரம்மாவோடு ஒரே அணியில் சவாரி செய்தவன் என்ற ஒரே தகுதியில்தான் இந்த மைக்கின் முன்னால் நிற்கிறேன். உள்ளே வரும்போது தலைவர் என் கையைப் பிடித்து, முடிக்கும்போது அந்த அறிவிப்பைச் சொல்லிவிடுங்கள் மாஸ்டர், எல்லாருக்கும் ஆறுதலாக இருக்கும் என்றார். என்ன அறிவிப்பு? டாக்டரம்மாவின் குதிரையில் நான் ஏறி, வருகிற போட்டியில், அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து ஓடுவேன் என்கிற அறிவிப்பு. எனக்குப் பின்னால் தொங்கும் பேனரில் அது பெரிய எழுத்தில் அச்சாகியே விட்டது. அதைச் சொல்லத்தான் எழுந்தேன். சொல்ல முடியுமா என்பது எழுந்து நின்ற பிறகும் எனக்குத் தெரியவில்லை.

இந்த அரங்கில் பாதிப் பேர் அவரைப் பல் வழியாக அறிந்தவர்கள், மீதிப் பேர் குதிரை வழியாக அறிந்தவர்கள். பல்காரர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் போட்டி மூன்று நாள் நடக்கும். முதல் நாள், குதிரை பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அடக்கமாக நடந்து காட்ட வேண்டும். இரண்டாம் நாள், காடும் மேடுமாகக் கிடக்கும் நீண்ட பாதையில், பெருமரம், பள்ளம், தண்ணீர் என்று அசைந்து கொடுக்காத தடுப்புகளைத் தாண்டிப் பறக்க வேண்டும். மூன்றாம் நாள், களைத்த காலோடு, தொட்டாலே விழும் கம்புகளைத் தொடாமல் தாண்ட வேண்டும். ஒரே குதிரை, ஒரே ஆள். அடங்கவும் வேண்டும், பறக்கவும் வேண்டும். இந்த இரண்டும் ஒரு உடம்பில் சேருமா? சேராது! சேர்த்துக் காட்டுகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றவர் நம் டாக்டரம்மா.

அதுவும் எந்தக் குதிரையோடு? பதிவில் அவனுக்கு ஏதோ அழகான பெயர் இருக்கிறது. யாருக்கும் நினைவில்லை. எல்லாருக்கும் அவன் லாரி. கிளம்பினால் நிற்க மாட்டான். ஹார்ன் ஒன்றுதான் இல்லை. அவன் வந்த புதிதில் நானும் ஒருநாள் அவன்மேல் ஏறினேன். ஏறினேன் என்பது பெருமைப் பேச்சு, அவன் என்னை ஏற்றிக்கொண்டு போனான். மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம். நான் கடிவாளத்தை இழுக்க, அவன் என் தோளை இழுக்க, கடைசியில் லாயக்காரர் புண்ணியத்தில் கதவு திறந்து கிடந்ததால், தீவனத் தொட்டிக்கு முன்னால் போய் அவனாக நின்றான். அன்றிலிருந்து லாயத்தில் எனக்கு பிரேக் மாஸ்டர் என்று பெயர்.

இந்தக் குதிரைக்கு வாயில் கடுமையான கடிவாள இரும்பைப் போடு என்று சொல்லாதவர் யார்? நான் சொன்னேன், தலைவர் சொன்னார், வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். டாக்டரம்மா என்ன செய்தார்? க்ளினிக்கிலிருந்து விளக்கையும் சின்னக் கண்ணாடியையும் கொண்டுவந்து, அவன் வாய்க்குள் தலையை விடாத குறையாகப் பார்த்தார். "வலி ஒண்ணும் இல்ல. அவனுக்கு அவசரம், அவ்வளவுதான்" என்றார். இருந்த இரும்பையும் கழற்றி எறிந்துவிட்டு ரப்பரைப் போட்டார். நாங்கள் தலையில் அடித்துக்கொண்டோம். அதற்கு அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"நாள் பூரா வாய் வலிக்குதுன்னு வர்றவங்களைப் பாக்கறேன் மாஸ்டர். சாயங்காலம் வந்து நானே ஒரு வாயை வலிக்க வைக்கணுமா?"

அப்படியென்றால் அந்த வலியை யார் தாங்குவது? அவர் தோள் தாங்கியது. வட்டம் போட்டு நடை, நடை முடிந்து வட்டம், மறுபடி வட்டம். முதல் பருவம் முழுவதும் முதல் நாள் பரீட்சையில் கடைசி இடம். நடுவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். இறங்கியதும் கை நடுக்கத்தில் டீ கோப்பையைப் பிடிக்க முடியாது. குழந்தை பால் குடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பார். மறுநாள் காலையில் அதே கை உங்கள் பல்லில் நடுங்காமல் வேலை செய்தது. நோயாளிகளே, உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

குதிரை மட்டுமா இழுத்தது? அவரும் இழுத்தார்! சங்கக் கூட்டத்தில் ஆம்புலன்ஸ் வந்து நின்றால்தான் போட்டி தொடங்கும் என்றார். பள்ளத்துக்குமேல் மரம் வைத்த அந்தச் செங்குத்துத் தடுப்பு ஆளைக் கொல்லும், எடுங்கள் என்று வருஷா வருஷம் சண்டை பிடித்தார். பிடித்த பிடியை விட மாட்டார். நம் சங்கத்தில் லாரி ஒன்றல்ல, இரண்டு என்று முதுகுக்குப் பின்னால் பேசிச் சிரித்தோம். தலைவர் அவர்களே, நீங்களும் சிரித்தீர்கள்.

சிரிக்காதவர் ஒருவர்தான். டாக்டரம்மாவின் வீட்டுக்காரர். சார், மன்னியுங்கள், இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சார் ஒருநாளும் மைதானத்துப் பக்கம் வந்ததில்லை. போட்டி நாளில் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார். "ஒருநாள் அது உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துடும்" என்பார். குதிரை கீழே தள்ளியதுமில்லாமல் குழியும் பறித்ததாம் என்கிற பழமொழியை அந்த வீட்டில் கேட்காத நாளில்லை என்று டாக்டரம்மாவே சொல்லிச் சிரிப்பார்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன். சங்கத்தார் பலருக்கு அது இன்னும் ஆறாத புண். பெரிய போட்டி, இரண்டாம் நாள். முதல் நாள் பரீட்சையில் லாரி அதிசயமாக முன்னணியில் வந்திருந்தான். அணிக்குக் கோப்பை கைக்கெட்டும் தூரத்தில். காட்டுப் பாதையில் எல்லாத் தடுப்பையும் சுத்தமாகத் தாண்டி, இன்னும் இரண்டே தடுப்பு பாக்கி. எங்கள் விதிப்படி, ஓட்டத்தை விட்டு விலக நினைப்பவர் கையைத் தூக்க வேண்டும். தூக்கினால் முடிந்தது, மறுபடி ஓட முடியாது. மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். டாக்டரம்மா கையைத் தூக்கினார்!

மேட்டிலிருந்து இறங்கி ஓடினேன். குதிரை நொண்டவில்லை. ரத்தம் இல்லை. மூச்சும் ஒழுங்காகத்தான் இருந்தது. என்ன ஆச்சு என்று கத்தினேன். இழுக்கவில்லை என்றார். இத்தனை வருஷம் இழுக்காதே இழுக்காதே என்று அவனுக்குப் பாடம் நடத்திவிட்டு, இழுக்கவில்லை என்று நிறுத்துவதா என்று நான் கேட்டேன். கேட்டேன் என்ன, சண்டையே போட்டேன். அவர் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே பதில் சொன்னார்.

"அவன் இழுத்தா, அவனுக்கு ஆசை இருக்கு, உடம்பு நல்லா இருக்குன்னு அர்த்தம். திடீர்னு கை லேசாயிடுச்சுன்னா உள்ள ஏதோ போயிடுச்சு மாஸ்டர். என்னன்னு எனக்குத் தெரியல. தெரியாம இன்னொரு மரத்தைத் தாண்டச் சொல்ல மாட்டேன்."

கோப்பை அடுத்த அணிக்குப் போனது. இதோ மேடையில் இருக்கும் வைத்தியர் அன்று மாலையே லாரியின் கால்களைத் தடவினார், மார்பில் குழாய் வைத்தார், ரத்தம் எடுத்தார். ஒன்றும் அகப்படவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. டாக்டரம்மா அவனை மேய விட்டுவிட்டுக் காத்திருந்தார். ஒருநாள் காலை தோளைப் பிடித்துக்கொண்டு வந்து, இழுத்துட்டான் மாஸ்டர், கை பிய்ந்துபோய்விட்டது என்று சிரித்தார். கோப்பை வாங்கியிருந்தால்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டார்.

பெரியோர்களே, இனி வருவது கேட்கச் சுலபமில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

கடைசியாக நடந்த சங்கக் கூட்டங்களை நினைத்துப் பாருங்கள். அந்தப் பள்ளத் தடுப்பை இந்த வருஷமும் அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று பேச்சு வந்தது. நாங்கள் எல்லாரும் டாக்டரம்மாவைத்தான் பார்த்தோம், இடி எப்போது விழும் என்று. "சரி, உங்க இஷ்டம்" என்றார். ஆம்புலன்ஸ் தாமதமாக வரட்டும் என்றோம். அதற்கும் சரி. நமக்கு எவ்வளவு சந்தோஷம்! டாக்டரம்மாவுக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று ஒருவர் சொல்ல, நாம் கையும் தட்டினோம். வீட்டிலும் அப்படித்தானாம். எதை வைத்தாலும் சாப்பிட்டார், எதைச் சொன்னாலும் தலையாட்டினார், நடுநடுவே தலைவலி மாத்திரை. லேசாகிவிட்டார். நம் கையில் அவர் லேசாகிவிட்டார், நாம் கை தட்டினோம்!

ஒரு நோயாளி போய் அடுத்தவர் வருவதற்குள், கை கழுவிக்கொண்டிருந்தவர், அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். எதிரில் குதிரை இல்லை. பள்ளம் இல்லை. மரம் இல்லை. ஒரு குழாயும் ஒரு துண்டும்தான் இருந்தன. க்ளினிக்கிலிருந்து போன் போனதும் சார் கேட்ட முதல் கேள்வி, குதிரையா என்பது. இல்ல சார், இங்கதான், க்ளினிக்லதான் என்று உதவிப் பெண் அழுதிருக்கிறார். பிறகு ஒருநாள் சார் என்னிடம் சொன்னார்: "நான் இத்தனை வருஷமா அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு இருந்துட்டேன், மாஸ்டர்." மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். முன்னாலேயே தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று கேட்டால், இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம் என்றார்கள். படித்தவர்களே அப்படிச் சொன்னால் நாம் எங்கே போய் முட்டிக்கொள்வது?

இப்போது லாரிக்கு வருகிறேன். போன வாரம் அவன்மேல் ஏறினேன். தோளை இறுக்கி, பல்லைக் கடித்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினேன். அவன் நடந்தான். நடக்கச் சொன்னால் நடந்தான், நிற்கச் சொன்னால் நின்றான். கடிவாளம் என் கையில் துணிக்கொடி மாதிரித் தொங்கியது. காட்டிய தடுப்பையெல்லாம் தாண்டினான். வேலியோரம் நின்றவர்கள் ஆரவாரம் செய்தார்கள். மாஸ்டர் கையில் லாரி அடங்கிவிட்டான் என்றார்கள். பேனர் அச்சானது அப்படித்தான்.

வைத்தியர் பார்த்தார். ஒன்றும் இல்லை. பல், கால், ரத்தம், எல்லாம் சரி. துக்கமா, நோயா, வேலை இல்லாத சோம்பலா என்று கேட்டேன். "தெரியல மாஸ்டர்" என்றார். அந்த நேர்மைக்கு அவரை வணங்குகிறேன். எனக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது. அன்று காட்டுப் பாதையில் டாக்டரம்மாவுக்கும் தெரியாது.

இன்னொன்றும் நடக்கிறது, சங்கத்தார் பலர் அறியாதது. லாயத்துப் பக்கமே வராத சார், இப்போது தினமும் மாலையில் ஆபீஸ் ஷூவோடு வந்து வேலிக்கு வெளியே நிற்கிறார். உள்ளே வருவதில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்.

"இன்னிக்கு இழுத்தானா?"

இல்லை சார் என்கிறேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

அன்பார்ந்தவர்களே! மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லி முடிப்பது மரபு. நானும் சொல்கிறேன். அந்தப் பள்ளத் தடுப்பை நாளைக் காலையில் நாங்களே கடப்பாரை எடுத்துப் பெயர்ப்போம். அவர் எதிர்த்தபோது செய்யாத காரியம் அது. ஆம்புலன்ஸ் வந்து நிற்காமல் இனி ஒரு குதிரையும் கிளம்பாது. நம்மில் வாய் ஓயாமல் சண்டை போடும் ஒருவர் திடீரென்று எல்லாவற்றுக்கும் சரி என்று சொன்னால், கை தட்ட மாட்டோம். பக்கத்தில் போய் உட்கார்ந்து, என்ன ஆச்சு என்று கேட்போம். கேட்டால் ஏதாவது நடக்குமா? தெரியாது. கேட்போம்.

ஆனால் தலைவர் அவர்களே, அந்த அறிவிப்பு மட்டும் என்னால் ஆகாது. லாரி இழுக்கவில்லை. இழுக்காத லாரியை ஒரு மரத்தையும் தாண்டச் சொல்ல மாட்டேன், அது அவர் பேரில் நடக்கும் போட்டியாகவே இருந்தாலும். இதோ, உங்கள் எல்லார் முன்னாலும் கையைத் தூக்குகிறேன். பேனரைக் கழற்றிவிடுங்கள். நாளையிலிருந்து அவனை மேய விடப் போகிறேன். காத்திருக்கப் போகிறேன். அதைத் தவிர அவனுக்காக என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

சார், நீங்கள் நாளைக்கும் வாருங்கள். வேலிக்கு உள்ளேயே வாருங்கள், உட்கார ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். தினமும் கேளுங்கள், தினமும் சொல்கிறேன். என்றைக்காவது நான் டீ கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தால், அன்றைக்கு மட்டும் நீங்கள் கேட்கவே வேண்டாம் சார்.