மங்கியது திரைதான்

லேப்டாப் திரையின் வெளிச்சம் தானாக ஏறி இறங்கினால் பயப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலும் அது பழுதே அல்ல, பேட்டரியை மிச்சப்படுத்த வைத்த ஏற்பாடு. செட்டிங்ஸில் போய் அணைத்துவிட்டால் தீர்ந்தது. இரண்டு நிமிட வேலை. பதினெட்டு வருடங்களாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், காரைக்குடியில் ஐந்து வருடம், இங்கே மலேசியாவில் பதின்மூன்று.

என் பெயர் சோலையப்பன். கிள்ளானில் லேபிள் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர்கள் என் பொறுப்பு. வீடு பிரிக்ஃபீல்ட்ஸில். தினமும் கொமுட்டர் ரயிலில் போய் வருகிறேன். இதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுதியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஃபர்ஹானா எங்கள் கம்பெனியில் நிறம் பார்க்கிறவள். அதிராம்பட்டினத்துப் பெண், இருபத்தெட்டு வயது. மசாலா பாக்கெட்டின் சிவப்பு, வாடிக்கையாளர் கேட்ட சிவப்புதானா என்று திரையையும் அச்சான தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவள் சரி என்றால்தான் மெஷின் ஓடும். இரண்டு வருடத்தில் ஒரு தவறுகூட வந்ததில்லை.

பிப்ரவரியில் அவளுக்குப் புது லேப்டாப் கொடுத்தேன். ஒரு வாரத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே, திரை தானா மங்குது. கொஞ்ச நேரத்துல திரும்ப வெளிச்சமாவுது. நான் எதையும் தொடலண்ணே."

அறை வெளிச்சத்துக்குத் தக்கபடி திரையை மாற்றும் வசதி ஒன்று உண்டு. அதை அணைத்துக் கொடுத்தேன். சரியாகிவிட்டது என்று அனுப்பினேன்.

நான்கு நாள் கழித்து மறுபடியும் வந்தாள். இந்த முறை தெளிவாகவே சொன்னாள். மெஷின் பக்கம் எடுத்துப் போகும்போதுதான் இப்படி ஆகிறது, கறுப்பு டிசைனைத் திறந்தால் மங்குகிறது, வெள்ளையைத் திறந்தால் தெளிகிறது என்றாள். இதைவிடத் தெளிவாக எந்தப் பழுதையும் யாரும் என்னிடம் சொன்னதில்லை. நான் அவள் மேசைக்குப் போனேன். லேப்டாப் சார்ஜரில் இருந்தது. கறுப்பைத் திறந்தேன், வெள்ளையைத் திறந்தேன். ஒரு மாற்றமும் இல்லை.

அச்சுப் பகுதிப் பையன்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். பையன்கள் நிற்கும்போது கொஞ்சம் வேடிக்கையாகப் பேசுவது என் சுபாவம்.

"திரையில ஒண்ணும் இல்லம்மா. போய்க் கண்ணைக் காட்டு," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மற்றவர்கள் போன பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நிஜமாவே ஒண்ணும் இல்லையா அண்ணே? எங்க வாப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சாம். கடையில பல்பு மங்கலா எரியுதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்களாம். நாப்பது வயசுல முழுசாப் போயிருச்சு."

அவள் வாப்பா அப்துல் காதருக்குப் பார்வை இல்லை என்பது எனக்கு அதுவரை தெரியாது. இதை என் பக்க நியாயமாகச் சொல்லவில்லை, நடந்த வரிசையில் சொல்கிறேன். "அதெல்லாம் இருக்காதும்மா," என்றுதான் அப்போது சொன்னேன். திரையை மறுபடி பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

மார்ச் மாதம் ஒரு மிளகாய்த்தூள் லேபிள் செங்கல் நிறத்தில் அச்சாகி, மொத்த லோடும் குப்பைக்குப் போனது. மங்கிய திரையை நம்பி அவள் சரி சொல்லியிருந்தாள். புரொடக்‌ஷன் மேனேஜர் லோகேஸ்வரி என்னைக் கூப்பிட்டார். கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்தவர், எதையும் சுற்றி வளைத்துப் பேச மாட்டார்.

"சோலை, வெள்ளிக்கிழமை மீட்டிங்ல நீங்களே காட்டுங்க லா. லேப்டாப் பிரச்சினையா, ஆள் பிரச்சினையா, ரெண்டுல ஒண்ணு எனக்குத் தெரியணும்."

புதன்கிழமை காலை ரயிலில் என் சொந்த லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தேன். ஷா ஆலம் தாண்டியதும் கறுப்புப் பின்னணியில் ஒரு படத்தைத் திறந்தேன். திரை மங்கியது. வெள்ளைப் பக்கத்துக்கு மாறினேன். தெளிந்தது. செட்டிங்ஸுக்குப் போனேன். அவளுக்கு நான் அணைத்துக் கொடுத்த அதே பக்கம்தான். அந்த வரிக்கு நேர் கீழே இன்னொரு வரி இருந்தது. திரையில் உள்ள படத்துக்கு ஏற்ப வெளிச்சத்தை மாற்றுவது. பக்கத்தில், 'பேட்டரியில் இயங்கும்போது மட்டும்'. மெஷின் பக்கம் அவள் சார்ஜரைக் கழற்றிவிட்டுத்தான் எடுத்துப் போவாள்.

ரயில் கிள்ளான் போய்ச் சேரும்வரை அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலை போய்விடும் என்று பயந்தேன் என்றால் நீங்கள் ஓரளவு புரிந்துகொள்வீர்கள். வேலை போயிருக்காது. லோகேஸ்வரி உதட்டைச் சுழித்திருப்பார். பையன்கள் இரண்டு நாள், "அண்ணே, கண்ணைக் காட்டுங்க," என்று என்னையே திருப்பிக் கேட்டிருப்பார்கள். அவ்வளவுதான். அந்த இரண்டு நாள் கேலியைத்தான் என்னால் தாங்க முடியும் என்று தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை மீட்டிங் அறைக்கு ஃபர்ஹானா தன் லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். சார்ஜர் கொண்டுவரவில்லை. என் பையில் இருந்ததை எடுத்து நானே செருகினேன்.

"பாதியில ஆஃப் ஆயிடக்கூடாது பாருங்க," என்றேன்.

கறுப்பைத் திறந்தேன், வெள்ளையைத் திறந்தேன். ஐந்து முறை செய்து காட்டினேன். திரை துளிகூட அசையவில்லை. லோகேஸ்வரி ஃபர்ஹானாவைப் பார்த்தார்.

"இப்ப மங்குதாம்மா?"

அவள் திரையின் பக்கத்தில் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இல்ல மேடம். அப்ப எனக்குத்தான்."

அவள் என்மேல் சந்தேகப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். போகும்போது, "தேங்க்ஸ் அண்ணே, உங்களுக்கு ரொம்ப சிரமம் கொடுத்துட்டேன்," என்றாள். என் சார்ஜரை அழகாகச் சுற்றிக் கையில் கொடுத்தாள். பரவாயில்லை என்றேன்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. நிறம் பார்க்கும் வேலையை அவளிடமிருந்து எடுத்துப் பெட்டி எண்ணும் வேலையைக் கொடுத்தார்கள். கண் மருத்துவமனையில் எல்லாப் பரிசோதனையும் செய்துகொண்டாள். 'இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, அப்பாவுக்கு இருந்ததால் வருடம் ஒருமுறை வாருங்கள்' என்று டாக்டர் சொன்னாராம். அதில் 'இப்போதைக்கு' என்ற சொல் ஒன்றுதான் அவள் காதில் விழுந்தது. அப்புறம் லிஃப்ட் விளக்கு மங்கலாக இருக்கிறது என்றாள், சாயங்காலம் சீக்கிரம் இருட்டுகிறது என்றாள். மே மாதம் வேலையை விட்டாள்.

அவள் ஒப்படைத்த லேப்டாப்பை நான்தான் வாங்கினேன். அடுத்து வந்த பெண்ணுக்குக் கொடுக்கும் முன் அந்த இரண்டாவது வரியை அணைத்தேன். புதுப் பெண் ஒரு குறையும் சொல்லவில்லை. "பார்த்தீங்களா, லேப்டாப் நல்லாத்தான் இருக்கு," என்றார் லோகேஸ்வரி. ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இர்ஃபான் என்னைத் தேடி பிரிக்ஃபீல்ட்ஸ் வந்தான். ஃபர்ஹானாவுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். வீட்டுக்குக் கீழே இருந்த கடையில் உட்கார்ந்தோம். தே தாரிக் டீ ஆடை படிந்து ஆறும்வரை அவன் தொடவில்லை.

"கல்யாணம் வேணாங்கிறா அண்ணே. உம்மா இருபத்தஞ்சு வருஷமா வாப்பா கையைப் புடிச்சு நடத்துறாங்க, அந்த வேலையை இன்னொரு ஆளுக்கு நான் வைக்க மாட்டேங்கிறா. நான் செய்றேன்னு சொல்லிப் பாத்துட்டேன். கேக்க மாட்டேங்கிறா."

"டாக்டர்தான் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாரே, தம்பி."

"டாக்டரை நம்பலண்ணே. உங்களத்தான் நம்புறா. சோலை அண்ணே அஞ்சு தடவ செஞ்சு காட்டினாங்க, திரை மங்கவே இல்லைங்கிறா. அதான் கேக்க வந்தேன். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. எதாச்சும் செட்டிங், எதாச்சும் அப்டேட்... நிச்சயமா திரையில ஒண்ணும் இல்லையா?"

அவனாகவே வந்து செட்டிங் என்ற சொல்லைச் சொல்லிவிட்டான். 'ஆமாம், ஒரு செட்டிங்தான்' என்று மட்டும் நான் சொல்லியிருந்தால் போதும்.

"இல்ல தம்பி," என்றேன். "நல்லா பாத்துட்டேன்."

அவன் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான். அந்தக் கையை வீட்டுக்குப் போய் நெடுநேரம் கழுவினேன். பயனில்லை.

ஃபர்ஹானா ஜூனில் ஊருக்குப் போய்விட்டாள். இர்ஃபான் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து போனில் சொன்னான். வீட்டுக்குள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நடந்து பழகுகிறாளாம். சுவரைத் தடவி அடுக்களைக்குப் போகிறாள். வெந்நீர்ப் பாத்திரத்தைத் தொட்டுக் கை சுட்டுக்கொண்டிருக்கிறாள். எப்படிக் கால் வைக்க வேண்டும் என்று அவள் வாப்பாதான் சொல்லிக் கொடுக்கிறாராம். அதற்குப் பிறகு அவன் என்னைக் கூப்பிடவில்லை. அவன் வீட்டில் வேறு பெண் பார்க்கிறார்கள் என்று கேள்வி.

அவள் கண்ணுக்கு ஒன்றுமில்லை. எனக்கு அது ஷா ஆலம் தாண்டிய அந்தப் புதன்கிழமையிலிருந்தே தெரியும். வெள்ளிக்கிழமை சார்ஜரைச் செருகும்போது தெரியும். இர்ஃபானுக்குப் பதில் சொல்லும்போதும் தெரியும். தெரிந்துதான் செய்தேன். கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம் செய்வதுகூட இப்போதெல்லாம் கஷ்டமாக இருக்கிறது.

அவள் நம்பர் என்னிடம் இருக்கிறது. செய்தியை மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டேன், வார்த்தை சரியாக அமையவில்லை. வரும் ஏப்ரலில் அவளுக்கு அடுத்த பரிசோதனை வருகிறது. கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று அங்கே டாக்டரே அழுத்திச் சொல்லிவிடுவார், அப்புறம் இதில் நான் சொல்ல வேண்டியது எதுவும் இருக்காது.